குளிருக்கு ஏற்ற கறி ஸ்டூ: கிட்வாய் நகர்ச் சமையலறையிலிருந்து சில குறிப்புகள்

தில்லியில் மார்கழி பிறந்துவிட்டால் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. அலுவலகம் விட்டு, பஸ்ஸிலும் மெட்ரோவிலும் இடிபட்டு, காதை மப்ளரால் மூடிக்கொண்டு கிட்வாய் நகருக்குள் நுழையும்போது, வயிற்றுக்குச் சூடாக, கனமாக ஏதாவது வேண்டும் என்று தோன்றும். ரசம் சாதம் நாக்குக்கு இதம்தான். ஆனால் ஐந்து டிகிரிக் குளிருக்கு அது போதாது. பஞ்சாபிக்காரர்கள் கடுகுக் கீரையும் மக்காச்சோள ரொட்டியும் சாப்பிட்டுக் குளிரை விரட்டுகிறார்கள். நமக்கு என்ன இருக்கிறது?

நமக்கு ஸ்டூ இருக்கிறது. 'இது வெள்ளைக்காரன் சாப்பாடு ஆயிற்றே' என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பெயர்தான் ஆங்கிலம். பாளையங்கோட்டை, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பண்டிகைக் காலையில் ஆப்பத்துக்கோ இடியாப்பத்துக்கோ ஸ்டூ வைப்பது பழைய வழக்கம். மலையாளிகள் தேங்காய்ப்பால் ஊற்றி அதை 'இஷ்டு' ஆக்கிக்கொண்டார்கள். 'ஸ்டூ' என்ற சொல்லே பழைய பிரெஞ்சு மொழியில் வெந்நீர்க் குளியலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். கறியை வெந்நீரில் நிதானமாகக் குளிப்பாட்டுவதுதான் ஸ்டூ என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிதானத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் காலனிக்குப் பெயர் தந்த ரபி அகமது கிட்வாய், 1952 முதல் 1954-ல் காலமாகும் வரை மத்திய உணவு அமைச்சராக இருந்தவர். உணவுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியவர் என்று பெயர் பெற்றவர். அவர் பெயர் கொண்ட காலனியில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றி எழுதுவது பொருத்தம்தானே!

எந்தக் கறி?

ஸ்டூவுக்கு உலகமெங்கும் விரும்பப்படுவது மாட்டிறைச்சி. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கங்களிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வயது கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத மாடுகளைச் சான்றிதழ் பெற்று அறுக்கலாம். உழைத்து ஓய்ந்த மாட்டின் கறி கடினமாகத்தான் இருக்கும். அதனால்தான் நம் ஊர்ப் பெண்கள் அதை அடுப்பில் வெகுநேரம் வைத்துப் பழகியிருக்கிறார்கள்.

ஆனால் தில்லிச் சட்டம் வேறு. 1994-ஆம் ஆண்டின் தில்லி விவசாயக் கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி பசு, கன்று, காளை, எருது எதையும் அறுக்கக் கூடாது. வெளி மாநிலத்தில் அறுத்த இறைச்சியாக இருந்தாலும் அதைத் தில்லியில் வைத்திருப்பதே குற்றம். ஊரிலிருந்து வரும் உறவினர் அன்பு மிகுதியால் உப்புக்கண்டம் கொண்டுவந்தாலும் இது பொருந்தும். ஊருக்குக் கடிதம் எழுதும்போதோ போன் பேசும்போதோ இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எருமை இந்தச் சட்டத்தில் வரவில்லை. உரிமம் பெற்ற கூடத்தில் அறுத்து, உரிமம் பெற்ற கடையில் விற்கும் எருமைக் கறியை வாங்கலாம், சமைக்கலாம். தில்லியின் பழைய ஈத்கா இறைச்சிக்கூடத்துக்குப் பதிலாக 2009-ல் காஜிப்பூரில் புதிய கூடம் வந்தது. இந்தியா ஆண்டுதோறும் கப்பலேற்றி வெளிநாடுகளுக்கு அனுப்பும் 'பீஃப்' என்பதும் இந்த எருமைக் கறிதான். குர்கான், பரீதாபாத், நொய்டா பக்கம் குடியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் பசு வதைத் தடைச் சட்டங்களின்படி 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. எல்லையைத் தாண்டிக் கறிப்பையோடு பயணம் செய்யாதீர்கள். குடியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே வாங்குங்கள்.

சொல்லில் வரும் வம்பு

நம் தமிழில் 'மாடு' என்ற சொல் பெரிய குடை. பசு மாடு, காளை மாடு, எருமை மாடு எல்லாம் அதன் கீழ் அடங்கும். 'மாட்டுக்கறி' என்றால் எதுவாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'பீஃப்' என்றாலும் இங்கே அதே குழப்பம்தான். இந்தியில் அப்படியில்லை. பசு என்றால் 'காய்'; எருமை என்றால் 'பைன்ஸ்'. கத்தரிக்காய், வெண்டைக்காய் என்று பழகிய நம் நாக்குக்கு அந்தக் 'காய்' சுலபமாக வந்துவிடும். அதுதான் ஆபத்து.

2015 அக்டோபரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஜந்தர் மந்தர் சாலையில் உள்ள கேரள இல்லத்து உணவு விடுதியில் பசு இறைச்சி பரிமாறப்படுவதாகப் போலீசுக்குப் புகார் போனது. போலீஸ்காரர்கள் அங்கே போய் நின்றார்கள். சமையற்பட்டியலில் இருந்த சொல் 'பீஃப்'. தட்டில் இருந்தது எருமைக் கறி. கேரள முதலமைச்சராக இருந்த உம்மன் சாண்டி பிரதமருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், தில்லிக்கு அருகே தாத்ரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வீட்டில் பசு இறைச்சி இருப்பதாகக் கிளம்பிய வதந்தியின் பேரில் ஒருவரை அடித்தே கொன்றிருந்தார்கள். ஒரு சொல்லின் விலை எவ்வளவு என்று அந்தக் குளிர்காலத்தில் தெரிந்தது.

அதே குளிர்காலத்தில் எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. அப்போது என் மகள் நான்காம் வகுப்பு. எதிர்வீட்டுப் பையனும் அவளும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போவார்கள். 'ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு?' என்று அவன் கேட்க, இவள் 'மாட்டுக்கறி' என்பதைத் தனக்குத் தெரிந்த இந்தியில் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டாள். எந்தச் சொல் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை பையன் தனியாகப் பஸ் ஏறினான். செவ்வாய்க்கிழமை அவன் அம்மா என் மனைவியைப் பார்த்தும் பார்க்காதது போல் மாடியேறிவிட்டார். புதன்கிழமை மாலை, கீழே ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தபோது எங்கள் பிளாக்கைச் சேர்ந்த இருவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அரசாங்க வேலை, அரசாங்கக் குவார்ட்டர்ஸ். யாராவது ஒரு மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் மனைவி, 'இனிமேல் இந்த வீட்டில் அந்தக் கறியே வேண்டாம்' என்று சொல்லிவிட்டாள். மகளுக்கு என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை.

மறுநாள் காலை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை ரசீது பையிலேயே கிடந்தது. அதில் 'பைன்ஸ்' என்று இந்தியில் எழுதியிருந்தது. அதைக் காட்டி, தமிழில் எருமையையும் மாடு என்றுதான் சொல்வோம், குழந்தைக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று என் அரைகுறை இந்தியில் விளக்கினேன். எதிர்வீட்டுக்காரர் ரசீதை இரண்டு முறை படித்தார். 'பைன்ஸா? அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, பாயி சாப்' என்றார். பிறகு சற்றுத் தயங்கி, தங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது என்றும், செவ்வாய்க்கிழமையும் விரத நாட்களிலும் மட்டும் வாசனை வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் கேட்டுக்கொண்டார். நியாயமான வேண்டுகோள். அன்று முதல் இன்றுவரை அதை மீறியதில்லை.

எல்லோருக்கும் இப்படிப்பட்ட எதிர்வீட்டுக்காரர் வாய்ப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். 'மாட்டுக்கறி', 'பீஃப்' என்ற சொற்களை வெளியில் மொழிபெயர்க்காதீர்கள். 'எருமை', 'பைன்ஸ்' என்றே சொல்லுங்கள், குழந்தைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். கறி தீரும் வரை அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடையில் என்ன கேட்பது?

நிஜாமுதீன், ஜும்மா மசூதி, ஓக்லா வட்டாரங்களில் எருமைக் கறிக் கடைகள் உண்டு. கடைப் பேச்சில் இதற்கு 'படே கா' என்று பெயர். ஆட்டுக்கறி 'சோட்டே கா'. விலை ஆட்டுக்கறியில் ஏறக்குறைய பாதிதான். மாதக் கடைசியில் குமாஸ்தா குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். செவ்வாய்க்கிழமைகளில் பல கறிக்கடைகள் மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஸ்டூவுக்குத் தொடைக்கறி கேட்காதீர்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் வெந்தபின் நார்நாராக வறண்டு போகும். கால் கறிதான் வேண்டும். அதற்கு இங்கே 'போங்' என்று பெயர். நெஞ்சுக்கறி 'சீனா', அதுவும் நல்லது. முன் சப்பையும் சரிதான். கூடவே ஒன்றிரண்டு நல்லி எலும்பு வாங்கிக்கொள்ளுங்கள். கறி கருஞ்சிவப்பாகவும், கொழுப்பு வெள்ளையாகவும் இருக்க வேண்டும். எருமைக் கொழுப்பு எப்போதும் வெள்ளைதான். கறியைத் தொட்டால் வழுவழுப்பு இருக்கக் கூடாது. ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். சிறிதாக வெட்டினால் கரைந்து போகும்.

காய்கறிகளுக்கு நமக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் நடை தூரத்தில் இருக்கிறது. கறிவேப்பிலை, தேங்காய், சின்ன வெங்காயம் எல்லாம் அங்கே கிடைக்கும். குளிர்காலத்தில் தில்லிக்கு வரும் சிவப்பு கேரட், புது உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, 'ஷல்கம்' எனப்படும் டர்னிப் ஆகியவை ஸ்டூவுக்கென்றே விளைந்தவை போலிருக்கும்.

செருப்புத் தோல் கதை

நான் 1996-ல் வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அறை நண்பர்கள் நால்வரைக் கூப்பிட்டு ஸ்டூ விருந்து வைத்தேன். ஆட்டுக்கறிக்கு நான்கு விசில் என்றால் இதற்கு ஐந்து போதும் என்று கணக்குப் போட்டேன். கறி செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. நண்பர்கள் மரியாதைக்காக மென்றார்கள்; மென்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் எல்லோரும் ரொட்டியைக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அப்போது கீழ்வீட்டில் பாளையங்கோட்டை அம்மாள் ஒருவர் இருந்தார். நர்ஸாக வேலை பார்த்தவர். மிச்சமிருந்த கறியைப் பார்த்துவிட்டு, 'தம்பி, கறி மேல குத்தம் சொல்லாதீங்க. நீங்க அத வேக விடல' என்றார். அதே கறியை வாங்கிப்போய் இன்னும் ஒரு மணி நேரம் மெல்லிய தீயில் வைத்துக் கொடுத்தார். கரண்டி பட்டாலே உடைந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கால் கறியில் கொலாஜன் என்ற வெண்ணிற இணைப்புத் திசு நிறைய உண்டு. ஓடியாடி உழைத்த தசையில் அது அதிகம். பாதி வெந்த நிலையில் அது சுருங்கிக் கறியை இறுக்குகிறது. கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் மணிக்கணக்கில் இருந்தால் அதுவே கரைந்து ஜெலட்டின் ஆகிறது. குழம்புக்கு வழவழப்பும் கனமும் தருவது அந்த ஜெலட்டின்தான். விருந்தில் நான் அடுப்பை அணைத்தது, கறி சுருங்கி முடித்துக் கரையத் தொடங்கும் முன்பு. பழைய தில்லியில் இரவு முழுக்கத் தணலில் வைத்துக் காலையில் விற்கும் நிஹாரிக்கும் இதே கால் கறிதான், இதே சூத்திரம்தான்.

தேவையான பொருள்கள் (ஐந்து பேருக்கு)

எருமைக் கால் கறி 1 கிலோ, நல்லி எலும்பு 2, பெரிய வெங்காயம் 3, சின்ன வெங்காயம் 15, தக்காளி 2, இஞ்சி பூண்டு விழுது 1 மேஜைக்கரண்டி, பட்டை 2 துண்டு, கிராம்பு 4, மிளகு 15, பிரிஞ்சி இலை 2, பச்சை மிளகாய் 3, மைதா 1 மேஜைக்கரண்டி, வினிகர் 2 தேக்கரண்டி, உருளைக்கிழங்கு 4, கேரட் 3, டர்னிப் 2, உரித்த பட்டாணி 1 கப், எண்ணெய் 4 மேஜைக்கரண்டி, உப்பு, கறிவேப்பிலை.

செய்முறை

கறியைக் கழுவி, நன்றாக வடியவிட்டு, சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். இதை அலட்சியம் செய்யக் கூடாது. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. கறி சிவந்து மணம் வர அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஈரக் கறியைப் போட்டால் வதங்காது, அவிந்து போகும். உப்பும் மிளகுத்தூளும் தடவி, கனமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் மூன்று தவணையாகப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்க விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வாணலி ஆறிவிடும். இப்படிச் சிவக்க வறுப்பது சாறு உள்ளே தங்குவதற்காக என்று சொல்வார்கள், அது சரியல்ல. ருசிக்காகவும் நிறத்துக்காகவும்தான்.

கறியை எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் பட்டை, கிராம்பு, மிளகு, பிரிஞ்சி இலை தாளித்து, நறுக்கிய பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். பத்து நிமிஷமாவது ஆகும். வாணலி அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டிச் சேர்த்துவிடுங்கள். ருசியெல்லாம் அதில்தான் இருக்கிறது. இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, பிறகு மைதா தூவி இரண்டு நிமிஷம் கிளறுங்கள். கறி, எலும்பு, வினிகர் சேர்த்து ஒன்றரை லிட்டர் வெந்நீர் ஊற்றுங்கள்.

நேரம் இருந்தால் மூடிபோட்டு மிக மெல்லிய தீயில் மூன்று மணி நேரம். குழம்பு தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் குமிழி வந்து வந்து போக வேண்டும். அலுவலகம் போகிறவர்கள் குக்கரில் எல்லாவற்றையும் மாற்றி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிஷம் வையுங்கள். குக்கருக்குத் தண்ணீர் ஒரு லிட்டர் போதும். ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே குழம்பு வெறியாகக் கொதித்துக் கறியை உலர்த்திவிடும். ஒரு துண்டை அழுத்திப் பாருங்கள். உடையவில்லை என்றால் இன்னும் 15 நிமிஷம்.

கறி வெந்தபிறகுதான் காய்கறி. முதலில் உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப், சின்ன வெங்காயம் எல்லாம் பெரிய துண்டுகளாக. 20 நிமிஷம் கழித்துப் பட்டாணி, கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை. ஐந்து நிமிஷத்தில் இறக்கிவிடலாம். தேங்காய்ப்பால் விரும்புகிறவர்கள் மைதாவையும் தக்காளியையும் விட்டுவிட்டு, கடைசியில் ஒரு கப் கெட்டிப் பால் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்குங்கள். இடியாப்பத்துக்கு அதுதான் ஜோடி.

மறுநாள் இன்னும் ருசி

ஸ்டூ மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். ஆறியதும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்காலம்தானே என்று சமையல் மேடையிலேயே விட்டுவிட வேண்டாம். காலையில் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை வழித்து எடுத்துவிட்டு, நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள். சனிக்கிழமை இரவு செய்தால் ஞாயிறு மதியம் வரை அடுப்படி வேலை இல்லை. ரொட்டி, சப்பாத்தி, சாதம் எதற்கும் பொருந்தும்.

நூறு கிராம் கறியில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. இரும்புச் சத்தும் உண்டு. அதற்காகத் தினமும் வேண்டாம். சிவப்பு இறைச்சியை அளவோடு உண்ண வேண்டும் என்பதே மருத்துவர்கள் சொல்வது. வாரத்தில் ஒரு நாள் போதும். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஸ்டூ வைக்கும் நாளில் இப்போது இரண்டு பாத்திரம் ஏறுகிறது. ஒன்றில் கறி. இன்னொன்று, கறிக்காகத் தொடாத தனிப் பாத்திரம். அதில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பட்டாணியும் மட்டும் தேங்காய்ப்பாலில். இரண்டாவது எதிர்வீட்டுக்குப் போகிறது. பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் கதவைத் தட்டி, 'ஆன்ட்டி, இஷ்டு இல்லையா?' என்று கேட்கிறான்.